நீ விழுந்தது லயத்துக் கூரையிலிருந்து அல்ல

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் எனக்கே சிரிப்பு வரும். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் நலமாக இல்லை என்பது இந்தக் கடிதத்தின் பாதியில் உனக்குத் தெரிந்துவிடும். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் யார் வீட்டில் என்ன நடந்தாலும், தண்ணீர்க் குழாய் உடைந்தாலும், பிறப்புச் சான்றிதழ் தொலைந்தாலும், "பிள்ளைக் காம்பரா அக்காகிட்ட போங்க, ரெண்டு வரி எழுதிக் குடுப்பாங்க" என்று என்னிடம்தான் அனுப்புவார்கள். கொழுந்தெடுக்கப் போன பெண்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டே அந்தப் பெண்களுக்கு மனுவும் எழுதிக் கொடுத்தவள் நான். அப்படிப்பட்டவளுக்குச் சொந்த மகனுக்கு நாலு பக்கம் எழுத ஐந்து நாளாகக் கை வரவில்லை. மூன்று முறை எழுதி, மூன்று முறையும் கிழித்து அடுப்பில் போட்டேன். இது நாலாவது.

நேரில் சொல்லியிருக்கலாம் என்பாய். ஹட்டனில் நீ வேலை செய்கிற போன் கடைக்கு அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தேனே, அதற்குத்தான் வந்தேன். ரொட்டியும் கட்டச்சம்பலும் சுற்றிக்கொண்டு வந்தேன். "என்னம்மா, ஏதோ சொல்ல வந்த மாதிரி நிக்கிறீங்க" என்று நீயே கேட்டாய். "ஒண்ணுமில்லப்பா, கால் வீக்கம் வத்திருச்சான்னு பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் என் வாய் சாப்பாட்டுப் பேச்சுக்குப் போய்விடுகிறது. இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. கொண்டு வருகிற பஸ் கண்டக்டர் வாசித்தாலும் வாசிக்கட்டும், கடையில் நாலு பேர் கேட்டாலும் கேட்கட்டும். மகனைக் கட்டட வேலைக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார் இந்த வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

வருகிற வியாழக்கிழமை கொழும்பில் உன் நட்டஈட்டு விசாரணை. அதற்கு நீ எழுதிய வாக்குமூலத்தை அனுப்புவதற்கு முன் என்னிடம் தந்து, "மனு எழுதுறதுல நீங்கதானே பெரிய ஆளு, பிழை இருந்தா திருத்துங்கம்மா" என்றாய். ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாய். ஹட்டனுக்கு மேலே கட்டிக்கொண்டிருந்த ஹோட்டலின் வெளிச் சுவருக்கு, மூன்றாம் மாடித் தட்டில் பலஞ்சிச் சாரத்தின் மேல் நின்று பூச்சுப் பூசியதையும், மழையில் நனைந்த பலகை வழுக்கி நீ விழுந்ததையும், இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து இன்றைக்கும் முழங்கால் மடங்காமல் இருப்பதையும் ஒன்று விடாமல் எழுதியிருந்தாய். நடுவில் ஒரு வரி. "என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த என் தாய்மாமன், தன்னையும் கம்பனியையும் காப்பாற்றிக்கொள்ள, நான் லயத்துக் கூரையிலிருந்து விழுந்ததாகப் பொய் சொன்னார்" என்று. நான் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஓரிடத்தில் திகதியைத் திருத்தினேன். "நல்லா எழுதியிருக்கப்பா" என்று திருப்பித் தந்தேன். திருத்த வேண்டியது திகதியை அல்ல, அந்த வரியை. பொய் சொன்னது உன் மாமன் இல்லை. நான் சொன்னேன். எழுதிவிட்டேன், இனி இந்தத் தாளைக் கிழிக்கப் போவதில்லை.

அன்றைக்கு மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது வரை உனக்கு ஞாபகம் இருக்கும். பிறகு நடந்தது எதுவும் இருக்காது. உன் மாமன் எனக்குப் போன் எடுத்தான். என் கூடப் பிறந்த தம்பி, இத்தனை வயதில் அவன் அழுது நான் கேட்டதில்லை. "அக்கா, பய விழுந்துட்டான்க்கா. மூணாம் தட்டுலருந்து. மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு. ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம், நீ நேரா வந்துரு" என்றான். பஸ்ஸுக்கு நிற்காமல் தேயிலைக்குள் குறுக்கே விழுந்து ஓடினேன். நான் போன நேரம் உன்னைத் தள்ளுவண்டியில் கிடத்தியிருந்தார்கள். தலைமுடியெல்லாம் சீமெந்து. மாமன் ஊசி மருந்தோ எதுவோ வாங்கிவர வெளியே ஓடியிருந்தான். அந்த நேரத்தில்தான் கேட்டார்கள். விவரம் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நோனா தலையைத் தூக்கி, "கொஹெந்த வெட்டுனே?" என்றார். எங்கிருந்து விழுந்தார் என்று கேட்டார், தன்மையாகத்தான் கேட்டார். நான் மூச்சுக்கூட வாங்கவில்லை. "லயின் எக்கே வஹலென்" என்றேன். லயத்துக் கூரையிலிருந்து. ஏன் ஏறினார் என்று கேட்டார். தகரம் ஒழுகுகிறது, மாற்ற ஏறினான் என்றேன். ஒன்று போதாதென்று இரண்டாவது பொய்யும் நானாகவே சேர்த்துக்கொடுத்தேன். அவர் கேட்டதை எழுதினார், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மாமன் திரும்பி வரும்போது டிக்கட்டை, அந்த ஆஸ்பத்திரிப் பதிவுத் தாளை, எழுதி முடித்து உன் கால்மாட்டில் வைத்திருந்தார்கள்.

ஏன் சொன்னீங்க என்று நீ கேட்பாய். அதைத்தான் நானும் ஒன்றரை வருடமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேலை உனக்கு வெளியே, பேர் தோட்டத்தில். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன், நம் வீட்டிலிருந்து தோட்டத்துப் பெரட்டுப் பதிவில் இருந்த ஒரே பேர் உன்னுடையது. பேர் இருக்கிற வரைக்கும்தான் இந்த லயத்துக் காம்பரா வீடு நமக்கு. தோட்டத்தில் கட்டித் தரப்போகிற புது வீட்டுப் பட்டியலில் வேறு உன் பேர் மேலே வந்திருந்தது. நீ முதுகு வலி என்று மெடிக்கல் லீவு போட்டுவிட்டு, மாமன் ஆள் கூட்டிப் போன ஹோட்டல் கொந்தராத்து வேலைக்குப் போனாய், கணக்கப்பிள்ளை கண்டும் காணாமல் இருந்தார், பாதிப் பொடியன்கள் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் ஆஸ்பத்திரிப் பேப்பரில் ஹோட்டல் கட்டடம் என்று ஏறிவிட்டால் அதை யாரும் காணாமல் இருக்க முடியாது. பேரை வெட்டிருவாங்க, பேரை வெட்டிருவாங்க என்று கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். என் கண் முன்னால் உன் கால் திரும்பிக் கிடந்தது, நான் வீட்டை யோசித்தேன். சில நாள், நீ பிழைத்து வந்தால் இருக்க ஓரிடம் வேண்டுமே என்றுதான் யோசித்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். சில நாள், இல்லை, நீ பிழைப்பாயா என்றுகூட யோசிக்கவில்லை, பழக்கத்தில் வந்த பயம் பேசிவிட்டது என்று தோன்றும். இரண்டில் எது உண்மை என்று சத்தியமாக எனக்கு விளங்கவில்லை.

இதில் ஒரு கூத்தைக் கேள். அந்தக் கூரைத் தகரத்துக்கு நான் எத்தனை மனு எழுதியிருப்பேன்! தோட்டத்துத் துரைக்கு எழுதினேன், தொழிற்சங்கத் தலைவரிடம் கொடுத்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ கூரையிலிருந்து விழுந்தாய் என்று செய்தி பரவிய மறு வாரம் ஆறு தகரமும் ஆணியும் இரண்டு ஆளும் வந்து இறங்கினார்கள். கீழ் லயத்து ஆட்கள் வேறு, "பாவம், பய காலக் குடுத்துத்தான் தகரம் வாங்குனான்" என்று பேசிக்கொண்டார்கள். நான் அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன், அழவா சிரிக்கவா என்று தெரியவில்லை.

உன் அப்பாவின் கை உனக்கு ஞாபகம் இருக்கும், வலது கையில் இரண்டு விரல் இல்லாதது. சின்ன வயதில் நீ கேட்டால், "குரங்கு கடிச்சிருச்சுடா" என்பார். குரங்கு இல்லை. தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து உருட்டுகிற மெஷினில் போன விரல்கள். அப்போது நீ வயிற்றில். மெஷினுக்கு மூடி இல்லை என்று அவர் அதற்கு முன் இரண்டு தரம் சொல்லியிருந்தார். விபத்து நடந்த பிறகு ஒரு தாள் வந்தது, "என் கவனயீனத்தால் நடந்தது" என்று அச்சடித்திருந்தது. அவருக்கு எழுத்து வராது, நான்தான் வாசித்துச் சொன்னேன். "இதுல கை வைக்கவா?" என்று கேட்டார். "வைங்க, லேசான வேலை தர்றதா தலைவர் சொல்றாரு, வம்பு எதுக்கு" என்றேன். இருந்த விரலில் ஒன்றை மையில் தொட்டு வைத்தார். வாட்ச்சர் வேலை கொடுத்தார்கள், நாங்கள் அதைப் பெரிய உபகாரம் என்று நினைத்துத் துரைக்கு மாலை போட்டோம், கேட்டுக்கொள். வேலையில் அடிபட்டவனுக்கு நட்டஈடு கேட்க ஒரு சட்டம் அப்போதே இருந்தது என்று எனக்கு இந்த வருடம்தான் தெரியும். தலைவரிடம் சொல்வது, தலைவர் துரையிடம் சொல்வது, துரை பார்த்துச் செய்வது, இதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். இதை வைத்துக்கொண்டுதான் உன் காலையும் பார்த்தேன்.

உன்னைக் கண்டிக்கு மாற்றிய அன்று மாமன் அந்த டிக்கட்டை வாங்கிப் பார்த்தான். சிங்களம் நன்றாக வாசிப்பானே. தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டான். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கக்கா? கம்பனிக்காரன் சொல்ல வேண்டிய பொய்ய நீ சொல்லிட்டியே" என்றான். போய் மாற்றச் சொல்கிறேன் என்று எழுந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். "வீடு போயிரும்டா. ரெண்டு நாள் பொறு, தலைவரோட பேசிட்டு வர்றேன்" என்றேன். இரண்டு நாள் இரண்டு மாதமாச்சு. தலைவர் பாவம், தோட்டத்து விஷயம் என்றால் பேசுவார், ஹோட்டல் கட்டுகிற கம்பனியிடம் அவருக்கு என்ன செல்வாக்கு? தகரத்துக்கு மட்டும் நன்றாகப் பேசினார்.

பிறகு அந்தக் கம்பனியின் மெனேஜர் வீட்டுக்கு வந்தார், நீ கட்டுப் போட்டுப் படுத்திருந்தாய். அப்பிளும் பால்மா பெட்டியும் கொண்டு வந்தார். இது சைட்டில் நடந்ததாகப் பதிவு இல்லை, இருந்தாலும் மனிதாபிமானத்தில் உதவுகிறோம், இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று மகன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். மரியாதையான மனிதர், என்னை "அம்மே, அம்மே" என்று கூப்பிட்டார். எனக்கு மனசு இளகிவிட்டது, பேனாவை நானே எடுத்துக்கொண்டு உன் கட்டிலுக்கு வந்தேன். வாசலில் நின்ற மாமன்தான் பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கினான். "மாப்புள, செத்தாலும் இதுல கையெழுத்து வைக்காத. அக்கா, நீ அந்தப் பேனாவ வையி" என்று சத்தம் போட்டான். அந்தக் கம்பனியிடம்தான் அவன் கூலி ஆட்களைக் கூட்டிக்கொடுக்கும் கொந்தராத்து எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். அன்றோடு அந்த வேலை போனது. நீ அப்போது மாமனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய், ஞாபகம் இருக்கிறதா?

அதே மாமனை நீ வெறுத்தது, நட்டஈடு கேட்டு நம் லோயர் அனுப்பிய கடிதத்துக்குக் கம்பனியின் பதில் வந்த அன்று. உங்கள் ஆள் எங்கள் கட்டடத்தில் விழவில்லை, ஆஸ்பத்திரி டிக்கட்டே லயத்துக் கூரை என்று சொல்கிறது என்று எழுதியிருந்தார்கள். நீ தாளை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாய். "யாரு சொன்னது இத?" என்று கேட்டாய். மாமன் என்னைப் பார்த்தான். நான் பானையில் இருந்த சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தேன், கிண்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.  பிறகு, "நான்தான் மாப்புள. பயத்துல புத்தி கெட்டுப் போயி சொல்லிட்டேன்" என்றான். நீ கையில் இருந்த ஊன்றுகோலைச் சுவரில் வீசி அடித்தாய். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. தீபாவளிக்கு இறைச்சிப் பையோடு வந்தவனை வாசலிலேயே நிற்க விட்டாய். நான் பையை வாங்கி உள்ளே வைத்தேன், அதைச் சமைத்து உனக்கே பரிமாறவும் செய்தேன். வெட்கம் கெட்டவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

இனி லோயர் விஷயம். போன வாரம் நீ கடையில் லீவு கிடைக்கவில்லை என்று என்னை மட்டும் இலவச சட்ட உதவிக்கு அனுப்பினாயே, அந்த லோயர் பிள்ளை எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தது. தங்கமான பிள்ளை, உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். முதலில், "மகன் அன்னைக்குக் குடிச்சிருந்தாராம்மா?" என்று கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எம் புள்ள பிளேன்டீகூட சீனி போட்டுத்தான் குடிப்பான்" என்றேன். பிள்ளை சிரிக்காமல் எழுதிக்கொண்டது. பிறகுதான் விளங்கியது. தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கேட்டால் கம்பனியின் கவனயீனத்தை நிரூபிக்கத் தேவை இல்லையாம். வேலை நேரத்தில், அந்த வேலையினால் நடந்த விபத்து என்று காட்டினால் போதுமாம். உன் பிழை கொஞ்சம் இருந்தாலும் கொடுப்பார்களாம், குடித்துவிட்டு ஏறியிருந்தால் மட்டும் சிக்கலாம். எவ்வளவு ஊனம் என்று டொக்டர் அளந்து எழுதித் தருவதை வைத்துத்தான் தொகையாம். நல்லவேளை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டியதை நீ போட்டுவிட்டாய். இன்னொரு வழி மாவட்ட நீதிமன்றம். அங்கே போனால் பெல்ட் தரவில்லை, பலகை கட்டவில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும், கூடவும் கிடைக்கலாம், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம், வருடக்கணக்கில் இழுக்கும். ஆனால் அங்கேயும் இங்கேயும் என்று இரண்டிலும் கேட்க முடியாதாம், ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். கம்பனியோடு சமாதானம் பேசுவதும் ஒரு வழிதானாம், அதையும் ஆணையாளரிடம் பதிந்து செய்ய வேண்டுமாம், மெனேஜர் கொண்டுவந்த மாதிரித் தாளில் அல்ல.

நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். படியிறங்கி ரோட்டுக்கு வரும்போது எந்த வழியில் எதைக் காட்ட வேண்டும் என்பது ஒன்றோடொன்று கலந்துவிட்டது. திரும்ப ஏறிப் போய்க் கேட்டேன். "பிழைய நிரூபிக்கத் தேவையில்லைன்னா எதுக்கும்மா சாட்சி?" என்றேன். "எங்க விழுந்தாருன்னு காட்டத்தான் சாட்சி. இப்ப நம்மளுக்குப் பிரச்சினையே அந்த ஒண்ணுதான்" என்றது. கூட வேலை செய்த ஒருவன் கட்டாருக்குப் போய்விட்டான், மற்றவன் அதே கம்பனியில் இன்னும் வேலை செய்வதால் வர மாட்டான். நீ விழுந்ததைக் கண்ணால் பார்த்து, வந்து சொல்லத் தயாராக இருப்பது மாமன் மட்டும்தான். "ஆனா மகனே எழுதியிருக்காரே, மாமா பொய் சொன்னாருன்னு. ஆஸ்பத்திரியில பொய் சொன்னவரு இங்க உண்மை சொல்றாருன்னு எப்படி நம்புறதுன்னு கம்பனி லோயர் கேப்பாரு. அப்ப நம்ம சாட்சி போச்சு" என்றது.  யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பது மாதிரி, "ஒருவேள மாமா சொல்லாம, வேற யாரும் பயத்துல சொல்லியிருந்தா?" என்று கேட்டேன். பிள்ளை பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. "அப்படி ஒருத்தங்க இருந்தா, அவங்க வந்து ஏன் சொன்னாங்கன்னு அவங்க வாயால சொன்னா, மாமாவோட சாட்சி நிக்கும்மா" என்றது. அந்தப் பேச்சை அங்கேயே விட்டேன். வீட்டுப் பட்டியலைப் பற்றி மட்டும் கேட்டேன். அது வேறு விஷயம், பேரை வெட்ட வந்தால் அப்போது அதற்காகவும் பேசலாம், ஆனால் ஒன்றும் ஆகாது என்று என்னால் உறுதி சொல்ல ஏலாது என்றது. பொய்யாகவாவது ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாமே என்று அந்தப் பிள்ளை மேல் கோபம் வந்தது. எனக்குக் கோபப்பட உரிமை இருக்கிறதா பார்.

நேற்றுக் காலையில் மாமன் வீட்டுக்குப் போனேன். மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தான். சொல்லப் போகிறேன் என்றேன். "வேணாங்க்கா" என்றான். "நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன். பய உன்னயும் வெறுத்துட்டா அவனுக்கு யாரு இருக்கா?" என்றான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு அவனைத் திட்டினேன். "நீ நல்லவனா இருந்து இருந்து எம் புள்ளயோட கேஸ்தான்டா தோக்கப் போவுது" என்றேன். அவன் அதை யோசித்திருக்கவில்லை.  அக்காவுக்காக ஒரு பழியை ஏற்றான், அந்தப் பழி உன் காலுக்கு வந்து விழும் என்று அவனுக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் உன் மேல் பாசத்தில்தான் எல்லாம் செய்தோம் மகன், செய்ததெல்லாம் கம்பனிக்குத்தான் உதவியது.

நான் இப்போது எங்கே நிற்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும், ஆனால் எனக்கே தெரியவில்லை. சொன்னால் நீ லீவில் வெளியே வேலை செய்தது தோட்டத்துக்கும் தெரியும். பேர் போகலாம், வீடு போகலாம், தகரத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போவார்களோ என்னவோ. சொல்லாவிட்டால் வழக்குப் போகும், இருபத்தேழு வயதில் மடங்காத காலோடு, உட்கார்ந்து செய்கிற வேலைக்கு நீ ஊர் ஊராக அலைய வேண்டும். உன்னிடம் கேட்டுச் செய்வோம் என்று ஒரு மனம் சொல்கிறது, வீடு உன் பேரில் வரப் போகிற வீடு. அம்மாவைக் காட்டிக் கொடுக்கவா என்ற பாரத்தை உன் தலையில் ஏன் ஏற்றுகிறாய் என்று இன்னொரு மனம் கேட்கிறது. நேற்று முழுக்க இப்படியே போனது, உலையில் அரிசி போட மறந்து வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கிறேன். கடைசியில் ஒன்று மட்டும் பிரித்தெடுத்தேன். அந்த வரியைத் திருத்துவதும் வீட்டுக்காக யாரிடம் போய்ப் பேசுவதும் உன் விருப்பம். பொய் என்னுடையது, அதைச் சொல்ல எனக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம். இன்று காலை சமாதான நீதவானிடம் போய், பொய் சொன்னது நான்தான் என்று சத்தியக் கடதாசி முடித்துவிட்டேன், எழுதியதும் நானே. என் வாழ்க்கையில் நான் எழுதிய மனுக்களிலேயே அதுதான் சின்னது.

இதை வாசிக்கிற மற்றத் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், எங்கே, எப்படி, யாருடைய வேலையில் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேட்கிறவர் எழுதுவது ஒரு வரிதான், ஆனால் அந்த ஒரு வரியைப் பிறகு அழிக்க எங்களுக்குத் தெரிந்த மனு எதுவும் உதவாது. உடனே ஒரு லோயரைப் பாருங்கள், தலைவரிடம் பிறகு போகலாம். என்னைப் போல ஒரு மணி நேரம் கேட்டு ஒன்றும் விளங்காமல் வந்தாலும் பரவாயில்லை, திரும்பப் படியேறிப் போய்க் கேளுங்கள்.

மகன், நீ என் மேல் கோபப்படு. பேசாமல் இரு, ரொட்டியைத் திருப்பி அனுப்பு, எல்லாம் எனக்கு வேண்டும். மாமனிடம் மட்டும் போ. அவன் வீட்டு வாசல்படி உயரம், கால் ஏறாது என்றால் கீழே நின்று கூப்பிடு, அவன் இறங்கி ஓடி வருவான். வியாழக்கிழமை அவனும் நானும் முதல் பஸ்ஸுக்கு வருகிறோம். நீ எங்களோடு உட்காராவிட்டாலும் பரவாயில்லை. விசாரணையில் கம்பனி லோயர் அந்த டிக்கட்டைத் தூக்கிக் காட்டி, கூரையிலிருந்து விழுந்தான் என்று சொன்னது யார் என்று கேட்பார். நீ தலையைக் குனியாதே, மாமன் பக்கம் பார்க்காதே, எனக்காகத் தயங்கவும் வேண்டாம். பின்னால் வாங்குப் பலகையில் நான் உட்கார்ந்திருப்பேன். கையை நீட்டி என்னைக் காட்டி, "இவங்கதான் சொன்னாங்க, எங்க அம்மா" என்று சொல்லு.